பூவார் காயலில் தக்கை ஆடுது, மீன் ஏறல

பாறசாலை நண்பருக்கு,

வெளிநாட்டு வீடியோவில் வரும் சன்ஃபிஷ் மாதிரி வட்ட மீன் பூவார் காயலில் இரையைக் கொத்திட்டு ஓடுது, 4-ம் நம்பர் கொளுவியில் (தூண்டில் முள்ளில்) ஒண்ணும் மாட்டலன்னு எழுதியிருக்கீங்க. சன்ஃபிஷ் வட அமெரிக்க நன்னீர் மீன். நீங்க சொல்ற கரும்பட்டையும் முத்துப்புள்ளியும் நம்ம கரிமீனுக்குத்தான். ரெண்டும் வேற குடும்பம், ஆனா வாய் ஒரே மாதிரி சின்னது. சிக்கலே அதுதான், உங்க கொளுவி அந்த வாய்க்குப் பெருசு.

கொளுவி நம்பர் கூடக்கூட அளவு குறையும்; 10 அல்லது 12 வாங்குங்க. தங்கூசி (தூண்டில் நரம்பு) 0.20 மி.மீ. போதும். குண்டுத் தக்கை வேண்டாம், கரிமீன் இழுக்கும்போது அதோட மிதப்பு மீனுக்குத் தெரிஞ்சு இரையைத் துப்பிடும். மெலிசான குச்சித் தக்கை போட்டு, நுனி மட்டும் வெளியே தெரியுற அளவுக்கு தங்கூசியில் ஈயக்குண்டை நசுக்கி மாட்டுங்க.

மைதா மாவைக் கெட்டியா பிசைஞ்சு கொஞ்சம் பஞ்சு சேர்த்தா கரையாது. உருண்டை பட்டாணியை விடச் சின்னதா இருக்கணும், முள்முனை மூடினா போதும். மாவு எடுபடலன்னா கல்லில் பிடிச்ச நூல்பாசியைச் சுத்திப் பாருங்க. அது தினமும் மேயுற தீனி.

நடுக்காயலில் வீசாதீங்க. கல்லுக்கட்டு, மரக்குத்தி (தண்ணியில் நட்ட மரக்கம்பு) ஓரமா, தரையை ஒட்டிப் போடுங்க. தக்கை முங்குற வரை காத்திருக்காம, பக்கவாட்டில் நகர்ந்ததுமே மணிக்கட்டால மெதுவா வெட்டி இழுங்க.

ஜோடியா ஒரே குத்தியைச் சுத்தி நின்னா முட்டையோ குஞ்சோ காக்குது. அங்க தூண்டில் போடாதீங்க, தாய் தகப்பன் மீனைப் பிடிச்சா குஞ்சுகளை மத்த மீன் தின்னுடும்.