கிளுவ வேலிய வழிச்சுட்டு கம்பி வேலி போடலாமா? மூலனூர் அண்ணனுக்கு பதில்

திருப்பூர் மாவட்டம் மூலனூர் பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. பூர்வீகக் கொறங்காடு, அதாவது சுத்தி உயிர்வேலி வெச்சு புல்லும் மரமுமா விட்ட மானாவாரி மேய்ச்சல் நெலம், 4 ஏக்கர், ரொம்ப வருஷமா ஆள் பாக்காம கெடந்திருக்கு, இப்ப அரை ஏக்கர்ல நெலக்கடலையும் காய்கறியும் போடணும், மீதியில ஆடு மேய்க்கணும். மயில் வெதையத் தோண்டித் தின்னுருது, வேலி ஓரமா பாம்பு ஓடுது, எங்க பாத்தாலும் முள்ளு, அதனால ஜேசிபி விட்டு வேலியும் மரமும் மொத்தமா வழிச்சுட்டு சுத்தி கம்பி வேலி போட்டா தீருமான்னு கேக்குறாரு.

தீராதுங்கண்ணா. ஜேசிபிக்காரருக்கு சொல்லிருந்தா இப்பவே போன் பண்ணி நிறுத்திருங்க. மயில் கம்பி வேலியத் தாண்டிப் பறந்து வரும், பாம்பு அடியில நுழைஞ்சு வரும், போறது கிளுவங்கிற முள்ளுச்செடிய நட்டு வளத்த உங்க உயிர்வேலி மட்டும்தான். அந்த வேலிதான் ஆட்ட உள்ள நிறுத்துது, ஆடிக்காத்துல மண்ணு பறக்காம புடிக்குது, அதுக்குள்ளதான் கீரியும் கௌதாரியும் சாரையும் இருக்கு. சாரை போச்சுன்னா கடலைய எலி தின்னும். வருஷம் 600 மில்லிமீட்டர ஒட்டி மழை பெய்யிற ஊர்ல தண்ணி ஊத்தாம நிக்கிற வேலிய எடுத்துட்டா அத மறுபடி வளக்க எத்தன வருஷம் ஆகும்னு உங்க ஊர் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க.

எடுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, சீமைக்கருவேலம். ஆனா அதையும் வெள்வேலுங்கிற நாட்டு மரத்தையும் ஒண்ணா நெனச்சு வெட்டிராதீங்க, முள்ளுன்னு பாத்தா ரெண்டும் முள்ளுதான். வெள்வேலுக்கு பட்டை வெளுத்து லேசா மஞ்சளோடிருக்கும், தல கொட மாதிரி விரிஞ்சிருக்கும், அதுக்கடியில புல்லு நல்லா நிக்கும். சீமைக்கருவேலத்துக்கடியில பெரும்பாலும் வெறும் மண்ணுதான். வெள்வேல் காய் கோடையில புல்லு காஞ்ச நேரத்துல ஆட்டுக்குத் தீனி, காங்கேயம் பக்கத்து மாடும் மேச்சேரி ஆடும் அத நம்பித்தான் வளந்துச்சு. ஒரு வெள்வேலக்கூட தொடாதீங்க.

சீமைக்கருவேலத்த தரை மட்டத்துல அறுத்தீங்கன்னா ஒரு தண்டு இருந்த எடத்துல நாலஞ்சு தண்டு வரும், அடுத்த வருஷம் உள்ளயே நுழைய முடியாது. சின்னச் செடிய மழை பெஞ்ச ஈரத்துல வேரோட புடுங்கலாம், பெரிய மரத்துக்கு சுத்தித் தோண்டி மண்ணுக்குள்ள ஒரு அடி வரைக்கும் அடிவேர்க்கட்டைய எடுத்தாத்தான் துளுக்காது. ஒரே வருஷத்துல எல்லாத்தையும் எடுக்க வேண்டாம், வெறும் மண்ணா விட்டா மறுபடி அதேதான் மொளைக்கும், கூடவே பார்த்தீனியக் களையும் வரும். வெள்ளாம பண்ற பக்கத்துல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா எடுங்க, எடுத்த குழிய மூடினதும் அங்கயே கொழுக்கட்டப் புல்லு (மேய்ச்சல் புல்லு) வெதை போடுங்க. புதுசா உருவுன வெதை சரியா மொளைக்காது, ஆறு மாசமாவது பழசா இருக்கணும். அது பஞ்சு மாதிரி லேசா இருக்கும், காத்துல பறந்துரும், அதனால ஈர மணல்ல கலந்து தூவி மேலாப்புல கீறி விட்டா போதும், ஆழமாப் போனா வராது. முதல் வருஷம் புல்லு பூத்து வெதை கொட்டுற வரைக்கும் அந்தப் பக்கம் ஆட்ட விடாதீங்க. இன்னொண்ணு, சீமைக்கருவேலக் காய் தின்ன ஆட்டோட புழுக்கையில வெதை முழுசா வெளிய வரும், வெளியாள் கிட்ட கிடை போட, அதாவது எருவுக்காக ராத்திரி ஆட்ட உங்க நெலத்துல அடைக்கச் சொல்றதா இருந்தா அந்த ஆடு எங்க மேஞ்சுதுன்னு கேட்டுக்குங்க.

மயிலுக்கு வருவோம். 4 ஏக்கர்ல இருந்தும் மயில விரட்ட முடியாது, அரை ஏக்கர காப்பாத்த முடியும். வெதச்சதுல இருந்து மொளைச்சு ரெண்டு மூணு இலை விடுற வரைக்கும், பெறகு காய் முத்துற நேரம், இந்த ரெண்டு சமயம்தான் அடி விழும், அப்ப மட்டும் வலை கட்டுங்க. குச்சி நட்டு மேல இழுத்து விறைப்பாக் கட்டணும், தரையில தொங்க விட்டா பாம்பும் உடும்பும் சிக்கிச் சாகும், வேலை முடிஞ்சதும் அவுத்து சுருட்டி வெச்சிருங்க. மினுமினு ரிப்பன் கொஞ்ச நாளைக்குத்தான், பழகிட்டா மயில் அதுக்குக் கீழயே மேயும். கோடையில தண்ணித்தொட்டி வைக்கிறதா இருந்தா வெள்ளாமைக்கு எதிர் மூலையில வைங்க. வெதையில மருந்து கலந்து வைக்கிறத யார் சொன்னாலும் கேக்காதீங்க. மயில் 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு, கொன்னா 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரைக்கும் ஜெயில், அதவிட அந்த மருந்து கௌதாரியையும் உங்க நாயையும் சேத்து எடுக்கும்.

பாம்பு பயம் நியாயமானது. கொறங்காட்டுக் கல்லு இடுக்குல சுருட்டை விரியன்ங்கிற விஷப்பாம்பு இருக்கும். அதுக்கு வேலிய அழிக்க வேண்டாம், வீட்டச் சுத்தி 20, 30 அடி மட்டும் சுத்தமா வைங்க, வெறகையும் கல்லுக்குவியலையும் சொவத்த ஒட்டிப் போடாதீங்க, ராத்திரி டார்ச்சும் பூட்ஸும் இல்லாம எறங்காதீங்க. கடிச்சா கட்டுப் போடுறது, கீறுறது எதுவும் வேண்டாம், கைய கால ஆட்டாம வெச்சு 108க்கு அடிச்சு நேரா அரசு ஆஸ்பத்திரி.

கம்பி போட்டே ஆகணும்னா அரை ஏக்கருக்கு மட்டும் போடுங்க. அதுல வீட்டுக் கரண்ட்ட மட்டும் விட்டுராதீங்க, சட்டப்படி குத்தம், மனுஷனும் சாவான், காப்புக்காடு பக்கத்துல இருந்தா சோலார் வேலிக்குக்கூட 2023ல வந்த விதிப்படி வனத்துறைகிட்ட பதியணும். மிச்சக் காச வேலியில ஓட்டையா இருக்குற எடத்துக்கு செலவழிங்க. மழைக்கு முந்தி உங்க வேலியிலயே முத்துன கிளுவப் போத்தா (கிளைக்குச்சியா) வெட்டி, நெருக்கி நட்டு, குறுக்க முள்ளு கட்டி விடுங்க, துளுத்து உயரம் வர்ற வரைக்கும் அந்த ஓரத்துல ஆடு வாய் வைக்காம பாத்துக்குங்க.