பிடிபட்ட கப்பல் யாருக்குச் சொந்தம்? பாய்மரக் காலக் கேள்வி பதில்

சார், பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒரு வணிகக் கப்பலைப் பிடித்தால் அது அப்போதே பிடித்தவர்களுடையதா?

இல்லை. துறைமுகத்துக்குக் கொண்டுவந்து பிரைஸ் கோர்ட்டில் (போரில் பிடிபட்ட கப்பல்களை விசாரிக்கும் நீதிமன்றம்) ஜெயித்தால்தான் காசு. முதல் சுற்றில் பிடித்தவர் பேச்சு எடுபடாது. பிடிபட்ட கப்பலின் காகிதங்களும், அதன் ஆட்களிடம் அச்சடித்த கேள்விகளை வைத்து வாங்கிய வாக்குமூலமும்தான் சாட்சி. அதனால்தான் சிக்கிய கேப்டன்கள் சிலர் காகிதக் கட்டைக் கடலில் வீசினார்கள். அது தெரிந்துவிட்டால் நீதிபதியின் சந்தேகம் இரட்டிப்பாகும்.

பங்கு எப்படி? மாலுமிக்கு ஏதாவது தேறுமா?

1808 வரை எட்டில் மூன்று பங்கு கேப்டனுக்கு. மேலே அட்மிரல் இருந்தால் அதில் ஒன்று அவருக்கு. சாதாரண மாலுமிகள் அத்தனை பேருக்கும் சேர்த்து இரண்டு. 1762-இல் ஸ்பானிய ‘ஹெர்மியோனி’ பிடிபட்டபோது பிடித்த இரண்டு கப்பல்களின் கேப்டன்களுக்கும் தலா சுமார் 65,000 பவுன், மாலுமிக்கு 480 பவுனுக்குச் சற்று மேல். அவன் சம்பளத்தில் அது முப்பது வருஷக் காசு! ஆனால் அது லாட்டரி. பலருக்குக் கிடைத்தது சொற்பம், அதுவும் தாமதமாக.

அமெரிக்கா நடுநிலை நாடுதானே? அதன் கப்பல்களை ஏன் பிடித்தார்கள்?

சண்டையே இதில்தான். சமாதான காலத்தில் ஸ்பெயின் தன் காலனி வணிகத்தில் அந்நியரை விடாது. பிரிட்டனோடு போர் வந்ததும் அமெரிக்கர்களுக்குக் கதவைத் திறந்தது. ‘அமைதியில் மூடியதைப் போரில் திறக்க முடியாது’ என்பது பிரிட்டனின் 1756 விதி. அமெரிக்கர்கள் ஒரு வழி கண்டார்கள்: சரக்கை முதலில் சொந்தத் துறைமுகத்தில் இறக்கிச் சுங்கம் கட்டு, அப்புறம் ஏற்றி அனுப்பு, அது புதுப் பயணம். 1800-இல் ‘பாலி’ கப்பல் வழக்கில் நீதிபதி வில்லியம் ஸ்காட் இதை ஏற்றார்.

அடுத்து ‘எஸெக்ஸ்’ என்ற அமெரிக்கக் கப்பல். அது பார்சிலோனாவிலிருந்து சேலம் (மாசசூசெட்ஸ், நம்ம சேலம் இல்லை) போய், அங்கிருந்து ஸ்பானியக் காலனியான ஹவானாவுக்குக் கிளம்பியது. 1805-இல் மேல்முறையீட்டு நீதிபதிகள் சுங்கக் கணக்கைப் பிரித்தார்கள். கட்டிய வரியில் பெரும்பகுதி திரும்பிவிட்டிருந்தது. அப்படியானால் இது ஒரே பயணம்தான், சரக்கு பறிமுதல். அந்த வருஷமே அமெரிக்கக் கப்பல்கள் வரிசையாகப் பிடிபட்டன. சட்டம் மாறியதை முன்கூட்டிச் சொல்லாமல் பிடித்தது, என் பார்வையில், அப்பட்டமான அடாவடி.

நடுநிலை நாட்டின் கரைக்கு எவ்வளவு அருகில் பிடிக்கலாம்?

மூன்று மைலுக்குள் கூடாது. அதே 1805-இல் ‘அன்னா’ கப்பல் வழக்கு. மிசிசிப்பி முகத்துவாரத்தில் ஆறு அடித்துவந்த சேறும் மரக்கட்டையும் சேர்ந்த திட்டுகள் இருந்தன. ஆள் குடியிருக்க முடியாத சேற்றைக் கரையாகக் கணக்கிடக் கூடாது என்றார் பிடித்தவரின் வக்கீல். மண்ணோ பாறையோ, அமெரிக்க எல்லை அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்லி ஸ்காட் கப்பலை விடுவித்தார்.

போரே அறிவிக்காமல் பிடித்தால்?

அக்டோபர் 1804. நடுநிலையில் இருந்த ஸ்பெயினின் புதையல் கப்பல்கள் நான்கைப் பிரிட்டன் மறித்தது. ‘மெர்சிடிஸ்’ வெடித்துச் சிதறியது. அதில் வந்த, ஸ்பானியக் கடற்படை அதிகாரி டியேகோ டி ஆல்வியரின் மனைவியும் பிள்ளைகளும் மாண்டார்கள். ஒரு மகனோடு வேறு கப்பலில் இருந்ததால் அவர் தப்பினார். போர் அறிவிக்காததால் மீதி மூன்றும் அரசருக்கே என்றானது. பிடித்தவர்களுக்குத் தயவாக ஒரு தொகை. டிசம்பரில் ஸ்பெயின் போர் அறிவித்தது.

இந்தியப் பக்கம் இதெல்லாம் உண்டா?

டென்மார்க் வசமிருந்த தரங்கம்பாடி. டென்மார்க் நடுநிலையில் இருந்தவரை டேனிஷ் கொடியின் கீழ் பிறர் சரக்கும் ஓடியது. 1801-லும் 1808-லும் பிரிட்டிஷார் ஊரையே பிடித்துக்கொண்டார்கள்.