மகளுக்குத் தலையில் கரண்ட் வைப்பார்களா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. பாலக்காட்டில் பிளஸ் டூ படிக்கிறாள். ஓணத்துக்கு முன்பிருந்தே பேச்சும் இல்லை, தூக்கமும் இல்லை. டிப்ரஷன் என்று மாத்திரை கொடுத்தார்கள், குணம் தெரியவில்லை. கோவையில் ஒரு டாக்டர் டி.எம்.எஸ். செய்யலாம் என்கிறார். ஷாக் வைத்தால் பிள்ளையின் மூளை போய்விடும் என்று மாமியார் அழுகிறார். நகையை அடகு வைத்தாவது செய்யலாமா?
- ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பதில்: அம்மா, இது ஷாக் இல்லை என்று மாமியாரிடம் முதலில் சொல்லுங்கள். ஷாக் சிகிச்சை என்பது மயக்க மருந்து கொடுத்து வலிப்பை வரவழைப்பது. 18 வயதுக்குக் கீழே இருந்தால், பெற்றோர் சம்மதமும் மனநல வாரியத்தின் முன் அனுமதியும் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். டி.எம்.எஸ். என்பது காந்தத் துடிப்புகளால் மூளையைத் தூண்டும் சிகிச்சை, அதற்கு மயக்கமே வேண்டாம். நாற்காலியில் உட்கார வைத்து, தலையின் முன்பகுதியில் இடப்பக்கமாக ஒரு காந்தச் சுருளை வைப்பார்கள். மரங்கொத்தி கொத்துவது போல டக் டக் என்று சத்தம் வரும். தலைவலி வரலாம், வலிப்பு வருவது மிக அபூர்வம். தலைக்குள் உலோகமோ, முன்பு வலிப்போ இருந்தால் மறைக்காதீர்கள்.

பலன் இருக்குமா? அமெரிக்காவில் 15 முதல் 21 வயதுக்காரர்களுக்கு, மற்ற சிகிச்சையோடு சேர்த்துத் தர 2024இல் ஒரு கருவிக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் 103 இளையோரை வைத்துச் செய்து 2021இல் வெளியான ஆய்வில், நிஜமாகக் காந்தம் வைத்தவர்களும் வைப்பது போல் பாவனை செய்யப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறினார்கள். அதனால் நகை இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் மாத்திரை இருக்கிறது, கவுன்சலிங் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது. 2004இல் வந்த பெரிய ஆய்வில், ஃப்ளூவாக்ஸெடின் என்ற டிப்ரஷன் மாத்திரையும் சி.பி.டி. என்ற பேச்சு வழிச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்ற பிள்ளைகளில் 71 சதவீதம் பேர் 12 வாரத்தில் நன்றாகத் தேறினார்கள். டி.எம்.எஸ். என்றால் வாரத்தில் ஐந்து நாள், ஒரு மாதத்துக்கு மேல். எழுந்து பல் தேய்க்கவே முடியாத பிள்ளையை வேலந்தாவளம் வழியாகத் தினமும் பஸ்ஸில் கோவைக்குக் கூட்டி வரவேண்டும். சி.பி.டி.க்கு வாரம் ஒருமுறை போதும். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசுகிறவர்கள். அவளுக்கு எதில் மனம் விட்டுப் பேச வருமோ, அந்த மொழிக்காரரைத் தேடுங்கள். மாத்திரை சரியான அளவில், ஆறு முதல் எட்டு வாரமாவது விடாமல் போயிருக்கிறதா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். இரண்டையும் முறையாகச் செய்தும் தேறவில்லை என்றால், அப்புறம் டி.எம்.எஸ். பற்றிப் பேசலாம்.

இன்று ராத்திரியே அவளிடம், “சாகணும்னு தோணுதாம்மா?” என்று கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், மாத்திரைகளை உங்கள் கையில் வைத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழும் உண்டு, மலையாளமும் உண்டு.