பூனை இனங்களும் பரம்பரை நோய்களும்: கேள்வி பதில்

அக்கா, காது மடிந்த ஸ்காட்டிஷ் ஃபோல்ட் குட்டி ஒன்று வாங்க இருக்கிறோம். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தக் காது மடிவதே ஒரு குருத்தெலும்புக் கோளாறால்தான். டிஆர்பிவி4 என்ற மரபணுவில் வந்த மாற்றம் அது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், காது மடிந்துவிடும். ஆனால் குருத்தெலும்பு காதில் மட்டுமா இருக்கிறது? கணுக்கால், பாதம், வால் என்று மூட்டுகள் எல்லாவற்றையும் அது பிடிக்கும். சில பூனைகளுக்குக் குட்டியிலேயே நொண்டல் வரும், சிலவற்றுக்கு வயதானபின் வரும். ஆனால் காது மடிந்த எல்லாப் பூனைக்கும் இந்தக் கோளாறு உண்டு. 1961இல் ஸ்காட்லாந்துப் பண்ணை ஒன்றில் கண்டெடுத்த சூசி என்ற பூனையிலிருந்து வந்த இனம் இது. பிரிட்டனின் முக்கியப் பூனைப் பதிவு அமைப்பு 1970களிலேயே இதைப் பதிவதை நிறுத்திவிட்டது. "எங்கள் குட்டிகளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் வெள்ளைப் பூனைக்கு ஒரு கண் நீலம், ஒரு கண் மஞ்சள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. திமிரா, காது கேட்கவில்லையா?

இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்! முடியை முழுக்க வெள்ளையாக்கும் மரபணு, உட்காதுக்குத் தேவையான நிறமிச் செல்களையும் குறைத்துவிடுகிறது. இரண்டு கண்ணும் நீலமாக உள்ள வெள்ளைப் பூனைகளில் பாதிக்கு மேல் செவிடு. ஒரு கண் மட்டும் நீலமாக இருந்து காதும் கேட்கவில்லை என்றால், பெரும்பாலும் அந்தப் பக்கக் காதுதான் போயிருக்கும். அது தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். கை தட்டாதீர்கள், காற்று மீசையில் பட்டுக்கூட விழித்துக்கொள்ளும். ஒரு காது கேட்டாலும் திரும்பும் என்பதால், உறுதியாகத் தெரிய செவித்திறன் பரிசோதனைதான் வழி. தெருவில் மட்டும் விடாதீர்கள்.

மூன்று நிறத்தில் ஆண் பூனை உண்டா?

உண்டு, மிக அரிது. ஆரஞ்சு நிற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆரஞ்சும் கறுப்பும் சேர்ந்து வர இரண்டு எக்ஸ் வேண்டும். அப்படிப்பட்ட ஆணுக்குப் பெரும்பாலும் எக்ஸ் ஒன்று கூடுதலாக இருக்கும், அதற்குக் குட்டிகள் பிறக்காது.

மெயின் கூன் குட்டியின் பெற்றோருக்கு இதய மரபணுப் பரிசோதனை 'நெகடிவ்' என்கிறார்கள். அப்போ கவலை இல்லையா?

பாதிக் கவலை குறைந்தது, அவ்வளவுதான். 2005இல் மெயின் கூனில் கண்டுபிடித்த ஒரு மரபணு மாற்றத்தை மட்டுமே அந்தப் பரிசோதனை பார்க்கிறது. அந்த மாற்றம் இல்லாமலும் இதயத் தசை தடித்துப்போகும் நோய் வரும். ஆகவே பெற்றோரின் எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையைக் கேளுங்கள், அதுவும் சமீபத்தில் எடுத்ததாக இருக்கட்டும். ராக்டால் இனத்துக்கும் இதே கதைதான், மாற்றம் மட்டும் வேறு.

அப்புறம் வீட்டில் செய்ய ஒன்று. பூனை ஆழ்ந்து தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் போங்கள். திடீரென்று கத்தி, பின்னங்கால் விழுந்து, பாதம் சில்லிட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. இதயத்தில் உருவான ரத்தக்கட்டி காலுக்குப் போகும் குழாயை அடைத்திருக்கலாம்.

பெர்சியனுக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் என்கிறார்களே?

பரம்பரையாக வருவதுதான். கட்டிகள் பிறவியிலேயே இருந்து மெல்ல வளரும், அறிகுறி தெரிய பல வருடம் ஆகும். அதற்குள் அந்தப் பூனை குட்டி போட்டிருக்கும், சராசரியாகப் பாதிக் குட்டிகளுக்கு நோயும் போயிருக்கும். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் தடவி எடுத்து ஒரே ஒரு முறை மரபணுப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். இனப்பெருக்கம் செய்பவர் அதைச் செய்யாமலிருக்க எந்தக் காரணமும் எனக்கு நியாயமாகப் படவில்லை.

முதல் பதிலைப் படித்துப் பயந்துவிட்டேன் அக்கா. என்னிடம் ஏற்கெனவே ஸ்காட்டிஷ் ஃபோல்ட் இருக்கிறது. இப்போது குதிப்பதைக் குறைத்துவிட்டது.

பயப்படாதீர்கள், செய்ய நிறைய இருக்கிறது. குதிக்காமல் இருப்பது வலியின் அடையாளமாக இருக்கலாம், எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். எடை ஏறவிடாதீர்கள். சோபாவுக்குப் படி வையுங்கள், மலம் கழிக்கும் லிட்டர் தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். வாலைப் பிடித்து வளைக்க வேண்டாம். வலிக்கு மருந்து மருத்துவர் சொல்வதுதான். பாராசிட்டமால் மட்டும் கூடவே கூடாது, பூனையின் உடம்பால் அதைச் சமாளிக்க முடியாது, ஒரே மாத்திரையில் உயிர் போய்விடும்.