ஜெர்மனியில் நான் காட்ட விரும்பும் ஒரே வீடு

கேள்வி: ஜெர்மானிய வீடுகளில் தனித்துவமானது என்று எதைச் சொல்லலாம்? இயற்கையை வீட்டுக்குள் கொண்டுவர அவர்கள் என்ன செய்கிறார்கள்?

ஜெர்மன் வீடு என்றதும் மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிகிற பழைய வீடுகளைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். அவையும் அழகுதான். ஆனால் நீங்கள் இயற்கையையும் சேர்த்துக் கேட்டிருப்பதால் என் மனதில் வருவது ஒரே ஒரு வீடு. டிரெஸ்டனிலிருந்து கிழக்கே, போலந்து எல்லைப் பக்கம் போகிற ரயில் பாதையில் லோபாவ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1933-இல் அங்கே கட்டி முடிக்கப்பட்ட ஷ்மிங்கே வீடு அது. வடிவமைத்தவர் ஹான்ஸ் ஷரூன். 1963-இல் திறக்கப்பட்ட பெர்லின் ஃபில்ஹார்மோனி இசை அரங்கமும் இவர் வடிவமைத்ததுதான்.

வீட்டுக்காரர் ஃப்ரிட்ஸ் ஷ்மிங்கே ஒரு நூடுல்ஸ் ஆலை முதலாளி. ஆலையை ஒட்டிய மனையிலேயே வீடு கட்ட நினைத்தார். அவர் கேட்டது பெரிய மாளிகை இல்லை. கணவன் மனைவி, நான்கு பிள்ளைகள், எப்போதாவது வந்து தங்கும் ஓரிரு விருந்தாளிகள், இவர்களுக்குப் போதுமான நவீன வீடு. வீட்டு வேலை சுலபமாக முடிய வேண்டும். அவ்வளவுதான்.

சிக்கல் மனையில்தான் இருந்தது. தோட்டமும் சரிவும் பார்க்க அழகான காட்சியும் வடக்கு, வடகிழக்குப் பக்கம். வெயில் வருவதோ தெற்கிலிருந்து, அதாவது ஆலை இருக்கும் பக்கத்திலிருந்து. வெயிலைத் தடுக்கவே வீடு கட்டிப் பழகிய நமக்கு இது ஒரு சிக்கலாகவே தோன்றாது. ஆனால் லோபாவில் டிசம்பர் கடைசியில் உச்சிப்பொழுதில்கூட சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் 15 டிகிரிதான் ஏறும். அந்தக் கொஞ்ச வெளிச்சத்தையும் விட்டுவிட்டால் குளிர்காலம் முழுக்க இருட்டில்தான் உட்கார வேண்டும். தெற்கே திரும்பினால் ஆலை, வடக்கே திரும்பினால் நிழல்.

ஷரூன் இரண்டையும் விடவில்லை. ஹாலை நீளமாகவும் ஒடுக்கமாகவும் அமைத்து இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்தார். ஒரு பக்கம் வெயில் உள்ளே வரும், மறுபக்கம் கண் தோட்டத்துக்குப் போகும். அப்புறம் வீட்டின் கிழக்கு முனையை நேர்கோட்டில் விடாமல் கோணலாகத் திருப்பினார். அந்த முனையில் மேலும் கீழுமாகத் திறந்த தளங்கள், வெளிப்புறப் படிக்கட்டு, மெல்லிய இரும்புக் கம்பித் தடுப்புகள். பார்த்தால் கப்பலின் மேல்தளமேதான். ஊர்க்காரர்கள் 'நூடுல்ஸ் கப்பல்' என்று செல்லப்பெயர் வைத்ததில் ஆச்சரியமே இல்லை.

நான் அதிக நேரம் நின்றது அந்த முனையில் உள்ள குளிர்காலத் தோட்ட அறையில். செடிகள் தொட்டிகளில் வரிசையாக நிற்கவில்லை. அறையின் தரையோடு சேர்த்தே கண்ணாடியை ஒட்டிப் பாத்தி கட்டியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் இலைகளுக்குப் பின்னால் கண்ணாடி, அதற்குப் பின்னால் வெளியே மரங்கள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் வீடு எங்கே முடிகிறது, தோட்டம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. வெளியே போகும் கதவில் சின்னச் சின்ன வட்ட வண்ணக் கண்ணாடிகள் பதித்திருக்கிறார்கள், பிள்ளைகளின் கண் உயரத்துக்கு. பெரியவர்கள் குனிந்துதான் பார்க்க வேண்டும். குனிந்து பார்த்தேன். அதே தோட்டம் ஒவ்வொரு வட்டத்திலும் ஒவ்வொரு நிறத்தில் தெரிந்தது. நான்கு பிள்ளைகள் உள்ள வீடு என்பதைக் கட்டியவர் ஒரு கணமும் மறக்கவில்லை என்று அப்போது பட்டது.

வெளித்தோட்டத்தை ஹெர்டா ஹாமர்பாஹரும் ஹெர்மன் மாட்டர்னும் அமைத்தார்கள். வீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இவர்களை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அந்தத் தோட்டம் இல்லையென்றால் இவ்வளவு கண்ணாடிக்கு அர்த்தமே இல்லை.

குடும்பம் அங்கே நிறைய காலம் வாழவில்லை. 1945-இல் செஞ்சேனை வீட்டை எடுத்துக்கொண்டது, 1951-இல் அவர்கள் மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் அது சிறுவர் இயக்கத்தின் இல்லமாக இருந்தது. 1999-2000-இல் வூஸ்டன்ரோட் அறக்கட்டளை அதைச் சீரமைத்தது.

இயற்கை சார்ந்த ஜெர்மானியக் குடியிருப்பு என்றால் பலர் டார்ம்ஸ்டாட் நகரத்து வால்ட்ஷ்பிராலேயைச் சொல்வார்கள். ஆஸ்திரியக் கலைஞர் ஹுண்டர்ட்வாஸர் வடிவமைத்து 2000-இல் முடிந்தது. 105 வீடுகள், 1000-க்கும் மேற்பட்ட ஜன்னல்கள், ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. சில ஜன்னல்களிலிருந்து மரமே வளர்ந்து வெளியே எட்டிப்பார்க்கும், கூரை முழுக்கச் செடி கொடி. அவசியம் பார்க்க வேண்டிய கட்டடம். இருந்தாலும் எனக்கு ஷரூன்தான் ஒரு படி மேல். வால்ட்ஷ்பிராலேயில் பசுமை வெளியிலிருந்து பார்க்கிறவனை மகிழ்விக்கிறது. ஷ்மிங்கே வீட்டில் உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு வெயிலும் தோட்டமும் கிடைக்கின்றன.

அதனால் உங்கள் வீட்டை மாற்றும் எண்ணத்தில் இதைக் கேட்டிருந்தால், இலை போட்ட வால்பேப்பர் வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க வெயில் எந்த ஜன்னல் வழியாக வந்து எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வெளியே என்ன தெரிகிறது என்றும் பாருங்கள். செடியை எங்கே வைப்பது என்பது அதற்குப் பிறகுதான்.

ஜெர்மனி பக்கம் வந்தால் லோபாவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். வீடு இப்போது பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது, முன்பதிவு செய்து இரவு தங்கவும் முடியும். முடிந்தால் தங்கிவிடுங்கள். காலை வெளிச்சத்தில் அந்தக் கிழக்கு முனையைப் பார்க்க வேறு வழி இல்லை.