சபைக் கேள்வி – பதில்: பெஞ்சு நிரம்பினால் போதுமா?

கேள்வி: மூன்று வருஷத்தில் எங்கள் சபை 80 பேரிலிருந்து 200 பேராகிவிட்டது. பக்கத்து சபைப் போதகரோ, தன் சபையாரை இழுக்கிறோம் என்று எங்களை ‘ஆடு திருடுகிறவர்கள்’ என்கிறார். இது வளர்ச்சி இல்லையா?
– சபைக் கமிட்டி உறுப்பினர், தூத்துக்குடி

பதில்: கூடிய 120 பேரும் எங்கிருந்து வந்தார்கள் என்று பதிவேட்டைப் பாருங்கள். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: சபைக் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள், வேலை, கல்யாணம் என்று ஊர் மாறி வந்தவர்கள், உள்ளூரிலேயே வேறு சபையை விட்டு வந்தவர்கள், இதுவரை இயேசுவை அறியாதிருந்தவர்கள். மத்திய இந்தியாவின் தமோ நகரில் 1897-ல் பிறந்த மிஷனரி டொனால்ட் மக்கவ்ரன், சபை வளர்ச்சியைப் பிறப்பு, இடமாற்றம், மனந்திரும்புதல் என்று பிரித்துப் பார்த்தது இதற்காகத்தான். மூன்றாம் கட்டத்தில் 95, நான்காவதில் 6 என்று வந்தால், விசுவாசத்துக்குப் புதிதாக வந்தது ஆறே பேர். அந்த 95 பேர் பெஞ்சு மாறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஞாயிறு காலை உங்கள் வேன் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். வேறொரு ஆலயத்து வாசலைத் தாண்டிப் போய், அதன் அங்கத்தினர் வீட்டுமுன் ஹாரன் அடித்தால் அந்தப் போதகருக்குக் கோபம் வரத்தான் செய்யும். மற்றொருவர் போட்ட அஸ்திபாரத்தின்மேல் கட்டாதபடி பவுல் கவனமாயிருந்தார் (ரோமர் 15:20).

கேள்வி: மாதாமாதம் சுவிசேஷத் துண்டுப்பிரசுரம் கொடுக்கிறோம். ஒருவர்கூட நிலைக்கவில்லையே?
– வாசகி, மதுரை

பதில்: பஸ் ஸ்டாண்டில் வாங்கினவர் யார், வீடு எங்கே என்று கொடுத்தவருக்கே தெரியாது. அப்புறம் எப்படித் தேடிப் போவது? ஒவ்வொரு குடும்பமும் ஐந்து பெயர் எழுதட்டும்: பக்கத்து வீட்டுக்காரர், உடன் வேலை செய்பவர், சொந்தக்காரர். ஏற்கெனவே ஒரு சபைக்குப் போகிறவர் பெயர் அதில் கூடாது. ஒரு மாதம் பெயர் சொல்லி ஜெபியுங்கள். அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போய் வாருங்கள். கேட்க விருப்பமுள்ளவர்களை மட்டும் வீட்டுக்கூட்டத்துக்கு அழையுங்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ந்தால் புதியவர் வாய் திறக்க மாட்டார். முக்கால் மணி நேரம் போதும், மைக் வேண்டாம். மாற்கு சுவிசேஷத்தில் ஒரு சம்பவத்தை வாசித்து, அவர் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். நம் சபைத் தமிழ் அவருக்கு வேறாகக் கேட்கும்; அபிஷேகம் என்றால் அவர் நினைவுக்கு வருவது பாலும் சந்தனமும்.

அரிசி, பணம், பள்ளி அட்மிஷன் எதையும் இதோடு முடிச்சுப் போடாதீர்கள்.

பலர் நழுவுவது ஞானஸ்நானத்துக்குப் பிறகுதான். முதல் தீபாவளி வரும், வீட்டில் ஒரு சாவு வரும். சொந்தக்காரர்கள் ஒதுக்குவார்கள், சபையிலோ இன்னும் யாரையும் தெரியாது. அதனால் முன்னதாக மூன்று மாத வகுப்பு வையுங்கள். பிறகு ஒரு வருஷத்துக்கு ஒரு துணைக் குடும்பத்தை ஏற்படுத்துங்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியா, தெலுங்கு பேசும் பகுதியான தோர்ணக்கல்லில் ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையில் கைவைத்து, ‘சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ’ என்று சொல்லச் செய்தார். புதியவருக்குத்தான் வெளியே சொந்தபந்தம் அதிகம். பழைய அங்கத்தினருக்கு எல்லாச் சொந்தமும் ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது!

கேள்வி: மனஸ்தாபத்தில் வேறு சபையிலிருந்து வருகிறவரை என்ன செய்வது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆராதனைக்கு வர யாரையும் தடுக்காதீர்கள். அங்கத்தினராக்கும் முன் அவருடைய போதகருக்குப் போன் செய்து, கடிதம் கேளுங்கள். அந்தப் போதகராலேயே பாதிக்கப்பட்டவர் என்றால் மட்டும் போன் வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பாடகர் குழு, கமிட்டி எதிலும் பொறுப்பு கொடுக்காதீர்கள். அங்கே தேர்தலில் தோற்றவர், இங்கே அடுத்த தேர்தலுக்கு வந்திருக்கலாம்.