பிக்கப்பில் படகு இழுக்க கூஸ்நெக் கொக்கி போடலாமா?

தொண்டியில் இருந்து ஃபைபர் படகை ட்ரெய்லரில் ஏற்றி மண்டபம் வரை இழுக்க, பிக்கப் தொட்டிக்குள் கூஸ்நெக் பந்து (ட்ரெய்லரின் வளைந்த கழுத்து வந்து மாட்டும் இரும்பு உருண்டை) மாட்டலாமா, பின்னால் சாதாக் கொக்கி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

படகுக்கு மட்டும் என்றால் பின்பக்கக் கொக்கியே போதும். கூஸ்நெக்கில் ட்ரெய்லரின் கழுத்து தொட்டிக்குள் வந்து, பின் அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலோ உட்காரும். ஆட்டம் குறையும், வளைவில் நன்றாகத் திரும்பும். ஆனால் ட்ரெய்லர் எடையில் 15 முதல் 25 சதவீதம் உங்கள் வண்டி மேல் ஏறும். பின்கொக்கியில் 10 முதல் 15தான். அப்புறம் வலையையும் ஐஸ் பெட்டியையும் எங்கே வைப்பீர்கள்?

அப்படியும் கூஸ்நெக்தான் என்றால், வழக்கமான பந்து 2 5/16 அங்குலம். பந்தைக் கவ்வும் ட்ரெய்லர் கப்ளரும் அதே அளவா என்று பாருங்கள். தொட்டித் தகட்டில் மட்டும் போல்ட் போட்டால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அடியில் சட்டம் வைத்து, சேஸிஸோடு பிடிக்க வேண்டும். இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ஸ்பேனரால் முறுக்குங்கள். கொஞ்ச தூரம் இழுத்த பிறகு மறுபடி சரிபாருங்கள்.

துளை போட்ட இடத்தில் துத்தநாக பிரைமர் கட்டாயம். என் வண்டியில் பட்டறைக்காரர் அதை விட்டுவிட்டார். ஒரு வாடைக்காற்று முடிவதற்குள் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. கரையில் இறக்கிய ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள், பந்துக்குக் கிரீஸ் தடவுங்கள்.